பின் சில்லைச் சாய்ச்சுப்போட்டு ஸ்டைல் எண்டு சொல்லாதேங்கோ

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடுகிற வீட்டு விறாந்தையில் ஒரு பழைய டயர் கிடக்கிறது. வெளிப்பக்கத்தைப் பார்த்தால் தவாளிப்புகள் ஆழமாக இருக்கின்றன, இன்னும் ஒரு வருடம் ஓடலாம் போலத் தெரியும். அதையே திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தால் றப்பர் இல்லை, கம்பி தெரிகிறது. இரண்டு விரல் அகலத்துக்குச் சுற்றிவர கம்பி.

அது எங்களில் ஒருத்தனின் 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக்கின் இடப்பக்கப் பின் டயர். போன மாரியில் வவுனியாவிலிருந்து இரவு திரும்பிக்கொண்டிருந்தான். மழை. கனகராயன்குளம் தாண்டி ஒரு சின்ன வளைவு. வேகமும் பெரிதாக இல்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினதுதான் தெரியும், பின்பக்கம் தன்பாட்டில் வெளியே போய், கார் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி வீதியோரத்தில் நின்றது. எதிரே பஸ் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பக்கத்தில் வேறொரு குறிப்பைத்தான் எழுதியிருப்போம்.

அடுத்த நாளே தீர்ப்புகள் வந்துவிட்டன. வீட்டுக்காரரும் ஊராரும் சொன்னது: "காரைப் பதிச்சு ஓடுறவங்களுக்கு இப்பிடித்தான் வரும்." கராஜ்காரர் சொன்னது: "போன மாசந்தானே தம்பி கேம்பர் கிற் போட்டு நேராக்கித் தந்தனான், என்ரை வேலையில பிழையில்லை." எங்கள் சொந்தக் கூட்டாளிமார் சொன்னது இன்னும் மோசம்: "லோ கார் எண்டா உள்பக்கம் தேயும்தான் மச்சான், டயரை மாத்திட்டு ஓடு."

மூன்றும் பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். மூன்றும் ஒரே இடத்தில் பிழைக்கின்றன. மூன்று பேருமே கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒருத்தரும் அளந்து பார்க்கவில்லை.

முதலில் கேம்பர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டு அப்பப்பா ஒருவர் "கம்பரோ, இராமாயணம் எழுதினவரோ?" என்று கேட்டபடியால் இந்த விளக்கம். காரின் பின்னால் நின்று சில்லைப் பாருங்கள். நேர்குத்தாக நின்றால் கேம்பர் பூச்சியம். சில்லின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் எதிர்க் கேம்பர், நெகற்றிவ். தலை வெளியே சாய்ந்தால் பொசிற்றிவ். இவ்வளவுதான்.

இந்தச் சாய்வு ஒரு வருத்தம் இல்லை. வளைவில் கார் ஒருபக்கம் சரியும்போது வெளிப்பக்கச் சில்லின் தலையும் வெளியே சரியப் பார்க்கும். முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால், அந்த நேரத்தில் டயர் முழு அகலத்துக்கும் வீதியைத் தொடும். அதனால்தான் பல கார்கள் கொம்பனியிலிருந்து வரும்போதே ஒரு பாகை அளவில் உட்சாய்வோடு வருகின்றன. நுவரெலியா மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டி ஓடுகிறவர்கள் அதைக் கூட்டி வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானில் 'ஒனிக்யான்', அதாவது பேய்க் கேம்பர் என்று சொல்லி, சில்லு படுத்தே போகுமளவுக்குச் சாய்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. அது காட்சிக்குரிய கலை. அந்தப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, அதே காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏ9இல் மழைக்குள் ஓடுவது கலை இல்லை.

எங்கள் ஊரில் பெரும்பாலான பெடியள் வேண்டுமென்று கேம்பர் வைப்பதில்லை. காரைப் பதித்தபோது அது கூடவே வந்துவிடுகிறது. நண்பனின் சிவிக்கில் பின்பக்கம் டபிள் விஷ்போன் முறை: மேலே ஒரு கை, கீழே ஒரு கை, முன்னாலிருந்து வருகிற ட்ரெயிலிங் ஆர்ம். மேற்கை கட்டை, கீழ்க்கை நீளம். கார் கீழே இறங்க இறங்க, கட்டைக் கை சில்லின் தலையை உள்ளே இழுக்கும். அதுதான் சாய்வு. கொம்பனி இந்தக் காருக்குப் பின் கேம்பரை மாற்ற ஒரு வழியும் வைக்கவில்லை. கார் தன் உயரத்தில் நிற்கும் என்று நம்பித்தான் அப்படிச் செய்தார்கள். கிரைண்டரோடு நாங்கள் வருவோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆம், கிரைண்டர்தான். கொழும்பில் காசுள்ளவர்கள் அதற்கென்று செய்த கட்டை ஸ்பிரிங்கும் பொருத்தமான ஷொக்கும் போட்டு, நான்கு சில்லும் அளக்கிற மெசினில் ஏற்றி இறக்குகிறார்கள். இங்கே இருக்கிற ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டிவிட்டு "லோ" என்கிறோம். வெட்டின ஸ்பிரிங் விறைக்கும். வெட்டின நுனி தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. காஸ் வெல்டரால் சுட்டு வெட்டினால் அந்த இடத்தில் உருக்கின் பதமே போய்விடும். கார் குழியில் விழுந்து எழும்பும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்ற கதைகள் எங்கள் வட்டத்திலேயே உண்டு. கேம்பர் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். ஸ்பிரிங்கை வெட்டுகிற கராஜ் எதுவாக இருந்தாலும், அதன் வாசலில் காரை விடாதேங்கோ.

சரி, கார் பதிந்தாயிற்று. சில்லு சாய்ந்தாயிற்று. இப்போது வருவது திருத்துகிற வியாபாரம்.

இரண்டு வழி நடக்கிறது. ஒன்று வாஷர் வைத்தியம். மேற்கையின் தாங்கி கார் உடம்போடு இரண்டு போல்ற்றால் பூட்டப்பட்டிருக்கிறது. தாங்கிக்கும் உடம்புக்கும் நடுவில் வாஷர்களை வைத்தால் கை அந்தளவுக்கு வெளியே தள்ளும், சில்லின் தலையும் வெளியே வரும். கணக்குச் சரிதான். ஆனால் பழைய போல்ற்றையே திரும்பப் போடுகிறார்கள். வாஷரின் தடிப்பளவுக்குப் போல்ற்றின் மரை உள்ளே போகாமல் குறையும். சில்லைப் பிடித்து வைத்திருக்கிற கை, நான்கைந்து மரையில் தொங்கும். நீளமான, அதே தரப் போல்ற் போடாமல் வாஷர் அடுக்குகிறவன் உங்களுக்குக் காசு மிச்சம் பிடித்துத் தரவில்லை.

மற்றது கேம்பர் கிற். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேற்கை. நல்ல சாமான்தான். எங்கள் நண்பனும் அதைத்தான் போட்டான். போட்டபின் பின்னால் நின்று பார்த்தால் சில்லு அழகாக நிமிர்ந்து நின்றது. கராஜ்காரர் கையைத் துடைத்தார், காசு வாங்கினார், முடிந்தது.

முடியவில்லை என்பதைத்தான் கனகராயன்குளத்தில் அந்தக் கார் சொன்னது.

கார் திரும்பி வந்தபின் நாங்கள் அளந்தோம். எங்களில் ஒருத்தியின் அப்பா மேசன். அவருடைய தூக்குக்குண்டு, நீர்மட்டம், கட்டு நூல், ஒரு இரும்பு அடிமட்டம். இவ்வளவும்தான் எங்களின் மெசின். சீமெந்து முற்றத்தில் நீர்மட்டம் வைத்து நான்கு சில்லுக்கும் கீழ் மட்டம் பார்த்தோம். பதிந்த இடத்துக்கு மெல்லிய பலகை வைத்தோம். காரை முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டி இறுக்கம் தளர்த்தினோம். ஜாக்கில் இருந்து இறக்கின உடனே அளந்தால் பொய்க்கணக்குத்தான் வரும். பிறகு சில்லுக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, றிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தைப் பார்த்தோம். அந்த இரண்டு புள்ளிக்கும் இடையில் 40 சென்ரிமீற்றர். அந்த இடைவெளியில் 7 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால் அது ஒரு பாகை.

இடப்பக்கம் 8 மில்லிமீற்றர் வந்தது. ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூட. வலப்பக்கம் 7. அதாவது கேம்பர் நல்லாயிருக்கிறது. கராஜ்காரர் பொய் சொல்லவில்லை.

அடுத்தது நூல் கட்டினோம். காரின் இரண்டு பக்கமும், சில்லின் நடு உயரத்தில், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக. நூலிலிருந்து றிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் தூரம் பார்த்தால் சில்லு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியும். இதற்குப் பெயர் டோ. சில்லுகளின் முன்பக்கம் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருந்தால் டோ இன். வெளியே பார்த்தால் டோ அவுட். பின் சில்லுக்கு மிகக் கொஞ்சம் டோ இன் இருப்பதுதான் காரை நேராக வைத்திருக்கும்.

இடப்பக்கம் 5 மில்லிமீற்றர் வெளியே. வலப்பக்கம் 3 மில்லிமீற்றர் வெளியே.

இது என்ன பெரிய கணக்கு என்று கேட்கலாம். சராசரியாக ஒரு சில்லுக்கு 4 மில்லிமீற்றர், 40 சென்ரிமீற்றரில். நூற்றுக்கு ஒன்று. அப்படியென்றால் ஒவ்வொரு கிலோமீற்றர் ஓட்டத்திலும் ஒவ்வொரு பின் டயரும் 10 மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒருமுறை போய்ச் சேரும்போது டயர் 4 கிலோமீற்றர் வீதியில் தேங்காய் துருவினமாதிரித் துருவுப்பட்டிருக்கும். அந்தத் துருவல் எல்லாம் உட்பக்க விளிம்பில். கிற் போடமுன் இருந்த சாய்வு தொடக்கி வைத்தது, டோ முடித்து வைத்தது. விறாந்தையில் கிடக்கிற டயர் இப்படித்தான் பிறந்தது.

கார் சுற்றினதும் இதனால்தான். வளைவில் பாரம் முழுக்க வெளிப்பக்கப் பின் சில்லுக்குப் போகும். அந்தச் சில்லோ வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது போகிற திசைக்குக் காரின் பின்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு போகும். தண்ணீரை வெளியேற்றத் தவாளிப்பும் இல்லை. பிறகு யார் பிடிப்பது?

காரணத்தைத் தேடிப் படுத்துப் பார்த்தோம். இந்தக் காரில் பின் கேம்பருக்குத்தான் கொம்பனி வழி வைக்கவில்லை. டோவுக்கு வழி இருக்கிறது: ட்ரெயிலிங் ஆர்மின் முன்முனையைப் பிடிக்கிற சின்னக் கையின் போல்ற், நீள்துளை ஒன்றில் நிற்கும். தளர்த்தி, நகர்த்தி, இறுக்கலாம். அந்தப் போல்ற்றில் பல வருடத்துத் துருவும் மண்ணும் அப்படியே இருந்தது. கார் பதிக்கும்போதும் யாரும் தொடவில்லை, கிற் போடும்போதும் யாரும் தொடவில்லை. இடப்பக்கத்து ட்ரெயிலிங் ஆர்ம் புஷ்ஷின் றப்பர் கிழிந்திருந்தது. புஷ் கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைக்கும்போதும் சில்லு தன் பாட்டுக்குத் திரும்பும். அதை வைத்துக்கொண்டு எந்த மெசினில் ஏற்றி நேராக்கினாலும் கேற்றைத் தாண்டமுன் கணக்கு மாறிவிடும்.

சாய்வு கண்ணுக்குத் தெரியும். டோ கண்ணுக்குத் தெரியாது. தெரிவதைத் திருத்திக் காசு வாங்கினார்கள். தெரியாதது ஆளைக் கொல்லப் பார்த்தது. எங்களின் கோபம் முழுக்க இதில்தான்.

கராஜ்காரர்களோடு முதலில் பேசவேண்டும். "வீல் அலைன்மென்ற்" என்று பலகையில் எழுதிவைத்துவிட்டு முன் சில்லு இரண்டை மட்டும் பார்த்து அனுப்புகிறீர்கள். பின்னால் கேட்டால் "இந்தக் காருக்குப் பின்னுக்கு அட்ஜஸ்ட்மென்ற் இல்லைத் தம்பி" என்கிறீர்கள். பாதி உண்மை. பின் சில்லு இரண்டும் எங்கே பார்க்கின்றனவோ அதுதான் காரின் திசை. அதை விட்டுவிட்டு முன்னை நேராக்கினால் கார் நண்டுபோலப் போகும், ஸ்டியரிங் ஒருபக்கம் திரும்பி நிற்கும். ஒழுங்கு தெரிந்தவர்களுக்குத் தெரியும்: முதலில் புஷ்ஷும் மூட்டுகளும், பிறகு பின் கேம்பர், பிறகு பின் டோ, கடைசியில்தான் முன்பக்கம். கேம்பரைத் தொட்டால் டோவும் அசையும், அதனால் மறுபடி பார்க்கவேண்டும். புஷ் போல்ற்றுகளைக் கார் தன் உயரத்தில் நிலத்தில் நிற்கும்போது இறுக்கவேண்டும், சில்லு தொங்கும்போது இறுக்கினால் புதுப் புஷ்ஷும் முறுகிக் கிழியும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற பாஸ்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களின் பெயர் கெடுவது உங்களால்.

வேறு ஒரு வியாபாரமும் நடக்கிறது. விட்ஸ், அக்குவா, அக்ஸியோ வைத்திருக்கிறவர்களுக்கும் "பின் கேம்பர் கிற்" பற்றிச் சொல்கிறார்களாம். முன்சில்லு இழுவையில் ஓடுகிற இந்தக் கார்களில் பின்னால் இருப்பது இரண்டு சில்லையும் இணைக்கிற ஒரே வளை. இரண்டு பக்கமும் ஒரேயளவு பதித்தால் கேம்பர் மாறாது. அப்படிப்பட்ட காரில் ஒரு பின் சில்லு சாய்ந்து நின்றால் எங்கேயோ அடிபட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். எது வளைந்தது என்று கண்டுபிடிக்காமல் சாமான் விற்கிறவரிடம் கவனமாக இருங்கோ.

அடுத்தது பெரியவர்களோடும் பொலிஸாரோடும். 2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' பேச்சோடு சேர்த்து, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டிய அலங்காரங்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கினார்கள். சிலது கழற்றவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் அதே கதை: கண்ணுக்குத் தெரிவதுதான் குற்றம். தனியார் காருக்கு வருடாவருடம் வரி லைசன்ஸ் எடுக்கும்போது 2008இலிருந்து புகைச் சோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். காப்புறுதி கேட்கிறார்கள். புஷ் கிழிந்திருக்கிறதா, டயரின் உட்பக்கம் கம்பி தெரிகிறதா, பின் சில்லு எங்கே பார்க்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எங்களின் நண்பனின் கார் அந்த வருடமும் புகைச் சோதனையில் சித்தியடைந்த கார். பதிக்காத, ஸ்டிக்கர் ஒட்டாத, நல்ல பிள்ளைபோல நிற்கிற பழைய கார்கள் எத்தனையோ இதே கிழிந்த புஷ்ஷோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அவை மறிக்கப்படுவதில்லை, ஏனென்றால் அவை பார்வைக்கு அடக்கமானவை.

"சாப்பாட்டுக்கே கஷ்டப்படுற நாட்டில உங்களுக்குக் கார் விளையாட்டோ" என்றும் கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கினது 2025 பெப்ரவரியில். அவ்வளவு காலமும் இந்த நாடு தன் பழைய கார்களைத் தட்டித் தட்டித்தான் ஓட்டியது. கதவு திறந்தபிறகும் புதுக்காரின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. ஆகவே இருபத்தைந்து வருடத்துக் கார்தான் எங்களின் கார். அதைப் பிரித்து, அளந்து, சரியாகப் பூட்டத் தெரிவது விளையாட்டு இல்லை, பிழைப்பு. அந்த அறிவை ஒரு பெடியன் பெரும்பாலும் காரை மாற்றப் பார்க்கும்போதுதான் பெறுகிறான். அதை அடித்து நிறுத்தாதேங்கோ, அளக்கப் பழக்குங்கோ.

கடைசியாக எங்கள் ஆட்களோடு. இதுதான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் இதில் நாங்களும் இருக்கிறோம். அந்தக் காரைப் பதித்த அன்று அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தவர்கள் நாங்கள். "சும்மா கிழி மச்சான்" என்று எழுதினவர்கள் நாங்கள். உட்பக்கம் தேயும் என்று தெரிந்தும், அது லோ காருக்குக் கட்டுகிற வரி மாதிரிக் கதைத்தோம். அது வரி இல்லை. சரியாக அமைத்த பதிந்த கார், ஒன்றரைப் பாகை உட்சாய்வோடு, டோ ஒழுங்காக இருந்தால், டயரைச் சீராகத்தான் தின்னும். "அப்பிடித்தான்" என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் ஒரு கிழிந்த புஷ்ஷுக்கு மறைப்புக் கட்டியிருக்கிறோம்.

ஆகவே இனி எங்களுக்குள் இப்படி வைத்துக்கொள்கிறோம். ஸ்பிரிங் வெட்டின காரோடு படம் எடுப்பதில்லை. கிற் போட்டவன் நான்கு சில்லின் அளவும் அச்சடித்த தாளை, முன்னும் பின்னுமாக, கராஜிலிருந்து வாங்காமல் காசு கொடுப்பதில்லை. தாள் தர மாட்டேன் என்றால் அந்த இடத்துக்கு அடுத்தவனை அனுப்புவதில்லை. மாதத்துக்கு ஒருக்கால் ஒவ்வொரு டயரின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பார்ப்பது. ஒருபக்கமாகத் தடவும்போது வழுக்கி, மறுபக்கமாகத் தடவும்போது அரம்போல உறுத்தினால் அது டோ. கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும்.

சிவிக் இப்போது புதுப் புஷ்ஷோடு, டோ ஒரு மில்லிமீற்றர் உள்ளே பார்த்தபடி ஓடுகிறது. இன்னும் பதிந்துதான் நிற்கிறது, ஆனால் முந்தியளவுக்கு இல்லை. தூக்குக்குண்டும் நூலும் விறாந்தையில் இருக்கின்றன. வாற ஞாயிறு பின்னேரம் மழை இல்லாவிட்டால் முற்றத்தில் நிற்போம். காரைக் கொண்டு வாங்கோ, பதிந்த காரோ பதியாத காரோ. வந்தவுடன் முதலில் அந்த டயரின் உட்பக்கத்தில் ஒருக்கால் கையை வைத்துப் பாருங்கோ. கம்பி குத்தும், கவனம்.